அப்பாவின் கோட்டும் ஏழாம் மாடிக் கொடியும்

1

போன மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டுக் கதவின் அடி வழியாக ஒரு கடிதம் உள்ளே வந்தது. கனடாவுக்கு வந்த இந்தப் பத்து வருடங்களில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. நல்ல சேதி தபால் பெட்டியில் வரும். கெட்ட சேதி கதவுக்கு அடியில் வரும். அதனால் அதைக் கையால் தொடாமல் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

கனடா என்றதும் நீங்கள் பெரிய தோட்டம், நடுவில் ஒரு வீடு என்று நினைத்துக்கொள்வீர்கள். நாங்கள் இருப்பது டொராண்டோவுக்குப் பக்கத்தில், பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. கணவர் சவரிமுத்து ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். மகள் அனிதாவுக்குப் பதினான்கு வயது. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஏதாவது வேண்டுமென்றால் பேசவும் செய்வாள்.

கடிதத்தை அவள்தான் எடுத்துப் படித்தாள். செய்தி வாசிப்பவள் போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னாள்.

"உங்க பால்கனியில ஒரு கம்பளிக் கோட்டும், என்னன்னு தெரியாத நீளமான துணி ஒண்ணும் தொங்கிச்சாம். பால்கனியில துணி காயப்போடறது ஒப்பந்தத்துக்கு எதிராம். இது முதல் கடிதமாம். மூணாவது கடிதம் வந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாமாம்."

என்னவென்று தெரியாத நீளமான துணி என்றது என் சேலையை.

"கீழ்த்தளத்துலதான் மெஷின் இருக்கே அம்மா. எல்லாரும் அதுலதானே காய வைக்கிறாங்க?"

"அந்த மெஷின்ல போட்டு எடுத்த உன் அப்பா பனியனை இப்ப உன் பொம்மைக்குத்தான் போடலாம்."

"எனக்கு இப்ப பொம்மையே இல்ல." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "ஸ்கூல் பஸ் நிக்கிற இடத்துல இருந்து நம்ம பால்கனி தெரியுது. என் கிளாஸ்ல எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. ப்ளீஸ்."

நான் அந்தக் கோட்டை வெளியே போட்டதற்குக் காரணம் இருந்தது. பனிக்காலம் முடிந்து, கோட்டுகளை உள்ளே வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். கணவரின் நல்ல கம்பளிக் கோட்டில், கழுத்துப் பட்டைக்குக் கீழே, மிளகு அளவில் நாலு ஓட்டை. கோட்டை உதறினேன். அந்துப்பூச்சி ஒன்று சோம்பலாகப் பறந்து விளக்குப் பக்கம் போனது. வேறு யாராவது என்றால் கடைக்குப் போய் ஏதாவது வாங்கியிருப்பார்கள். நான் ஏற்காட்டுக்காரி. கோட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினேன்.

2

சேலத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி ஏற்காட்டுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு மூடுபனி அழகு. அங்கே துணி துவைத்தவர்களிடம் கேட்டால் வேறு சொல்வார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் திங்கட்கிழமை துவைத்த பாவாடை சனிக்கிழமை மாதா கோயில் ஞானோபதேச வகுப்புக்குக் காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட்டுக் காய வைத்தால் காயும், ஆனால் புகை நாற்றத்தோடு காயும். பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் அப்பா அருளப்பன் வாழவந்திக்குப் போகிற வழியில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் ஸ்டோர் கணக்கு எழுதும் ரைட்டர். எங்களுக்குக் கொடுத்த வீடு காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெயில் விழுகிற சிமெண்டுத் தரை, நாலு புறமும் மரமில்லாத வெட்டவெளி. அம்மா லூர்தம்மாவுக்கு அதைப் பார்த்தால் காப்பிக் களமாகத் தெரியாது. வெயில் எட்டிப் பார்த்ததும் வாளியோடு கிளம்பிவிடுவார். காப்பிக்கொட்டை ஒரு பாதியில் காயும், எங்கள் போர்வைகள் மறு பாதியில் காயும்.

ஒருநாள் மேனேஜர் வந்து பார்த்துவிட்டார். கொட்டை காய்கிற இடத்தில் சோப்பு வாடை வந்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். களத்தில் துணி போடக்கூடாது என்று அறிவிப்பு எழுதி ஒட்டும் வேலை அப்பாவுக்கு வந்தது. அப்பா தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, முத்து முத்தாக எழுதி, பலகையில் ஒட்டி, களத்தின் ஓரத்தில் நட்டார். எஸ்டேட்டிலேயே அந்தக் குற்றத்தைச் செய்தவர் ஒருவர்தான். அவரிடம் நேரில் சொல்ல அப்பாவுக்குத் தைரியமில்லை.

மறுநாள் அந்தப் பலகைமேல் எங்கள் வீட்டுத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, களத்துலதான போடக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. பலகையில போடக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் அம்மா.

காய வைப்பது பாதி வேலைதான். காய்ந்த துணியைக் காப்பாற்றுவது மீதி. தோல் செருப்பில் பூசணம் பூக்கும், ஜெபப் புத்தகத்தில் பூக்கும், பட்டுச் சேலையில் கூடப் பூக்கும். எங்களிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் அம்மாவின் கல்யாணச் சேலையும் அப்பாவின் ஒரே கம்பளிக் கோட்டும் இருந்தன. மலையை விட்டுப் போன பழைய மேனேஜர் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு அது. அந்தப் பெட்டிக்குள் எதைப் போடுவது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.

அம்மா வசம்புக் கட்சி. வசம்பைத் தட்டி, காய்ந்த வேப்பிலையோடு துணியில் முடிந்து போடுவார். அப்பா அந்துருண்டைக் கட்சி. ஸ்டோரில் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. அட்டைப்பெட்டிமேல் அச்சடித்திருந்ததை அப்பா "மவுத் பால்ஸ்" என்று படித்தார். எங்கள் எஸ்டேட் முழுக்க அப்படித்தான் சொன்னது. பூச்சிக்கு இங்கிலீஷில் மவுத் என்று பெயர் என்றே நானும் வளர்ந்தேன். அப்பா ரைட்டர், அவருக்குத் தெரியாத இங்கிலீஷா.

3

கடிதம் வந்த மறுநாள் கட்டடப் பொறுப்பாளர் வால்ட்டர் நேரில் வந்தார். நல்ல மனிதர். ஆறடிக்கு மேல் உயரம். விதிகளைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துப் பேசுவார். அனிதா பள்ளிக்குப் போயிருந்தாள், கணவர் வேலையில். என் இங்கிலீஷை நானே சமாளிக்க வேண்டியிருந்தது.

"துணி காய வைக்கவில்லை ஐயா. என் வீட்டில் பிரச்சினை இருக்கிறது. அதற்காகத்தான் வெயிலில் போட்டேன்" என்றேன்.

"என்ன பிரச்சினை?"

"மவுத்."

வால்ட்டர் தரையிலிருந்து கண்ணை எடுத்தார். "மவுஸா?"

எலிக்கு இங்கிலீஷில் மவுஸ் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன வேகத்தில், மவுத் என்பதைத்தான் இந்த ஊர் நாக்கில் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். இங்கே எதையும் முழுசாக உச்சரிப்பதில்லை.

"ஆமாம், ஆமாம். அலமாரிக்குள். கோட்டைத் தின்றுவிட்டது."

"எத்தனை பார்த்தீர்கள்?"

"ஒன்று பறந்தது."

"பாய்ந்ததா?" என்று அவர் கேட்டார். நான் கையால் காட்டினேன், விளக்கு வரைக்கும் என்று. அவர் விளக்கைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நம் நியாயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் யாரும் கேட்பார்கள் என்று அன்று மாலை கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு நாளில் மின்தூக்கியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஏழாவது மாடியில் எலி காணப்பட்டதால் வியாழக்கிழமை எல்லா வீட்டு அலமாரிகளையும் பரிசோதிக்க ஆட்கள் வருகிறார்கள், அலமாரிகளைக் காலி செய்து வைக்கவும் என்று. பக்கத்து வீட்டு அல்டா, போர்ச்சுக்கல்காரர், அறுபது வயது, கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, விளக்குவரை பாய்கிற எலியாமே என்று என்னிடமே கேட்டார்.

அனிதா அறிவிப்பைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, வால்ட்டர்கிட்ட என்ன சொன்னீங்க? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். அவள் சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்து போனேன். தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அவள் என்னோடு சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"மாத், அம்மா. அது மாத்."

"உங்க தாத்தா மவுத்துன்னுதான் சொல்வாரு. வால்ட்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"இப்ப போய்ச் சொன்னா, துணி போடறதுக்காகக் கதை விட்டீங்கன்னு நினைப்பாங்க. ரெண்டாவது கடிதம் வரும். சும்மா இருங்க."

4

இந்த இடத்தில் என்னைப் பெண் பார்த்த கதையை நான் சொல்லியாக வேண்டும். அனிதாவுக்கும் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னேன்.

பதினேழு வருடத்துக்கு முன்பு, எழுபதுகளின் கடைசி. கார்த்திகை மாதம். ஐந்து நாளாக வெயிலே இல்லை. சேலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று சேதி வந்திருந்தது. இதற்கு முன்பு இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டு, மலை ஏறி வந்து சம்பந்தம் வைத்துக்கொள்ள முடியாது என்று தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் என்னாவது என்று அம்மா ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லி முடித்திருந்தார்.

அப்பாவின் வெள்ளைச் சட்டை அடுப்புக் கொடியில் காய்ந்து பழுப்பேறியிருந்தது. மேலே கோட்டைப் போட்டால் தெரியாது என்று பெட்டியைத் திறந்தார்கள். கோட்டின் முதுகில், நடு மத்தியில், உள்ளங்கை அளவு ஓட்டை. அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக இன்னும் பத்து.

"உருண்டை எங்க?" என்றார் அப்பா.

"அந்த வாடைக்கு எனக்குத் தலைவலி வந்து நாலு மாசம் முன்னால உருண்டைய எடுத்து வீசிட்டேன். அதான் வசம்பு இருக்குதேன்னு இருந்தேனுங்க."

"நான் அதுக்கும் முன்னாலயே வசம்ப எடுத்துட்டேன். கறை புடிக்குதுன்னு."

இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். பூச்சிகள் எங்கள் வீட்டுக் கட்சிச் சண்டையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தன.

அதற்குள் கீழே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பேச்சுக் குரல் கேட்டது. வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா சூசை, ஒரு அத்தை. வேறு வழியில்லை. அப்பா கோட்டைப் போட்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க" என்றார் அந்த அத்தை.

"இருக்கட்டுமுங்க. நின்னா தான் எனக்கு நல்லா இருக்குமுங்க."

மாப்பிள்ளையின் அப்பா கழுத்துவரை சால்வை போர்த்தியிருந்தார். கீழ்நாட்டு மனுசர், பாவம், குளிர் தாங்கவில்லை என்று அம்மா கரிக் கும்முட்டி அடுப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. சால்வையை மட்டும் எடுக்கவில்லை. அம்மா இன்னும் இரண்டு கரித் துண்டு போட்டார்.

அம்மா கும்முட்டியை விட்டு நகராததால், காப்பி கொண்டுவர அப்பா சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது. முகத்தை அவர்கள் பக்கம் வைத்தபடி பின்பக்கமாகவே நடந்து போனார். கதவு நிலையில் குதிகால் இடித்தது, அப்போதும் திரும்பவில்லை. காப்பித் தட்டோடு நேராக வந்தார். மறுபடி பின்பக்கமாகவே சுவருக்குப் போனார். பலகாரத்துக்கும் அப்படியே. உள்ளே கதவிடுக்கில் நின்ற எனக்கு, மாப்பிள்ளையைப் பார்ப்பதா அப்பாவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

அத்தை தன் அண்ணனின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. "மலைக்காரங்க மருவாதிய பாத்தீங்களா? வந்தவங்களுக்கு முதுகே காட்ட மாட்டாங்களாட்டம். நொம்ப நல்ல குடும்பமுங்க."

அவர்கள் கிளம்பினார்கள். மரியாதைக்கு மரியாதை செய்ய வேண்டும் அல்லவா. மூன்று பேரும் கைகூப்பிக்கொண்டு, வாசலிலிருந்து பின்பக்கமாகவே நடந்தார்கள். நாங்கள் திண்டாடிப் போய்க் கும்பிட்டபடி நின்றோம். பின்னால் காப்பித் தோல் குவித்துவைத்த குழி இருந்தது. "அம்மா, பாத்துங்க" என்று என் அம்மா சொல்லி முடிப்பதற்குள் அத்தை அதில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா உதவிக்கு ஓடினார். நேராக ஓடவில்லை. வேலியில் முதுகை உரசிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் போய், இடது கையை மட்டும் நீட்டினார். அந்த நிலையிலும் இவ்வளவு ஒழுக்கமா என்று அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. குழியில் இருந்தபடியே, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சுதுங்க" என்றார்.

5

வியாழக்கிழமை எலிக்காரர் வருவதற்கு முன்னால் அலமாரிகளைக் காலி செய்தோம். கணவர் விடுப்பு எடுத்திருந்தார். அடியில் ஒரு பழைய சூட்கேஸ் இருந்தது. அது அவருடையது. அவர் அப்பா இறந்த வருடம் சேலத்திலிருந்து கொண்டுவந்து, பூட்டியே வைத்திருந்தார். நான் கேட்டதில்லை.

"இதையும் தொறந்து காட்டணுமாம்" என்றாள் அனிதா.

அவர் சாவியைத் தேடி எடுத்துத் திறந்தார். ஒரு ஜெபமாலை, கண்ணாடிக் கூடு, மடித்து வைத்த ஒரு கறுப்புக் கோட்டு. அனிதா கோட்டை எடுத்து விரித்தாள். மார்பில், இடது பக்கம், இஸ்திரிப் பெட்டியின் அடி அப்படியே பதிந்து பொசுங்கியிருந்தது. மூக்கு நுனி கூடத் தெளிவாக.

"இது எப்ப?" என்றேன்.

அவர் கோட்டை வாங்கி மடித்தார். "உங்க ஊட்டுக்கு வந்த அன்னிக்குக் காலையில. அப்பா தானே தேய்க்கிறேன்னு கரிப் பெட்டிய வெச்சாரு. பக்கத்து ஊட்டுக்காரர் பேச்சுக் குடுத்தாரு. அவ்வளவுதான்."

"அப்ப அந்தச் சால்வை?"

"குளிரெல்லாம் ஒண்ணுமில்ல. உங்கம்மா கரி போடப் போட, எங்கப்பா சால்வைய எங்க எடுத்துடுவாரோன்னு எனக்கு உசுரே இல்ல. அந்தப் பயத்துல உன் மூஞ்சியவே நான் சரியா பாக்கல."

பதினேழு வருடம் குடும்பம் நடத்தியபின் ஒரு பெண் கேட்கக்கூடிய சேதிதானா இது என்று யோசித்தேன். பிறகு, நானும் அன்று அவர் முகத்தை முழுசாகப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்பாவின் கோட்டு முதுகில் இருந்த ஓட்டையைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. மரியாதை என்றே இத்தனை காலமும் நம்பியிருந்திருக்கிறார். எங்கள் பக்கத்துச் சாவுக்கும் வாழ்வுக்கும் போகும்போதெல்லாம் அவர் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவது எதற்கு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"உங்க ஊர்க்காரங்கதான் சிரிச்சாங்க" என்றார். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அப்போது எலிக்காரர் வந்தார். இளைஞர், கையில் டார்ச். தரையில் படுத்து மூலை மூலையாகத் தேடினார். எலிப்புழுக்கை ஒன்றுகூட இல்லை. எழுந்து கணவரின் கம்பளிக் கோட்டை வாங்கிக் கழுத்துப் பட்டையைத் திருப்பினார். அரிசி போல வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

"இது எலி இல்லையே. மாத்" என்றார்.

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றேன். அனிதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவர் மற்ற வீடுகளுக்கும் போனார். எங்கள் மாடியில் மட்டும் ஐந்து வீட்டில் பூச்சி. ஆறாவது மாடியில் நாலு. மேலே எட்டில் ஒரு வீட்டில் கம்பளமே பாதி இல்லை. மறுநாள் எங்கள் கதவுக்கு அடியில் இரண்டாவது கடிதம் வந்தது. அனிதா அதை எடுத்துப் படிக்கும்வரை நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை கட்டடம் முழுவதும் அலமாரிகளில் மருந்து அடிக்கப்படும். குடியிருப்போர் எல்லாரும் தங்கள் துணிகளை வெளியே எடுத்து, மாலைவரை பால்கனியில் காற்றாட விடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கீழே வால்ட்டரின் கையெழுத்து.

6

அந்தச் சனிக்கிழமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினான்கு மாடியிலும் துணி. எங்களிடம்தான் கயிறு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பக்கத்துப் பால்கனியிலிருந்து அல்டா உள்ளே போய் ஒரு மூட்டை மரக் கிளிப்புகளைக் கொண்டுவந்தார். பத்தொன்பது வருடமாகப் பெட்டிக்குள் வைத்திருந்தாராம். சட்டைகளை அடி ஓரத்தில் பிடித்து, அளவு பிசகாமல், ஒரு கிளிப்பில் இரண்டு சட்டை சேருகிற மாதிரி மாட்டினார். கைதேர்ந்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, பட்டுச் சேலையை நிழலில்தான் போட வேண்டும் என்று நான் அவருக்குச் சொன்னேன். பாதி கையால், பாதி இங்கிலீஷில். ஒரே சுவருக்கு இரு பக்கமும் பத்து வருடம் இருந்து, நாங்கள் அன்றுதான் நின்று பேசினோம்.

பதினோரு மணிக்குக் காற்று எழும்பியது. கணவரின் எட்டு முழ வேட்டி, நான் ஒரு பக்கம் கிளிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, மறு பக்கம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஏழு மாடி உயரத்தில் விரிந்து, நிதானமாகச் சுழன்று, வண்டிகள் நிற்கிற இடத்தைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. பள்ளி இல்லாவிட்டாலும் அங்கே அனிதா வயதில் நாலைந்து பிள்ளைகள் நின்றிருந்தார்கள். வால்ட்டரும் நின்றிருந்தார்.

நான் அனிதாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. "நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்று செருப்பைத் தேடினேன்.

"நீங்க போனா எலின்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அவளே போனாள்.

மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வால்ட்டர் வேட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து ஏதோ கேட்டார். அனிதா ஏதோ சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வால்ட்டரும் சிரித்தார். பிறகு இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி மடித்தார்கள். அவ்வளவு உயரமான மனிதர் முழங்காலை மடித்து அவள் உயரத்துக்கு வந்து நின்றார்.

மேலே வந்ததும், "என்ன கேட்டாரு?" என்றேன்.

"இதுல ஏன் தையலே இல்லன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

அனிதா வேட்டியைக் கொடியில் போட்டு, வாயில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். கிளிப்பை எடுத்து மாட்டிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"தைக்கிறதுக்கு முன்னாடியே எங்கப்பாவுக்குச் சரியா இருந்துதுன்னு சொன்னேன்."